கேலரியில் ஸ்டாப்வாட்ச் எதற்கு?

போட்டி நீச்சலில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு நாளில் பிள்ளை தண்ணீரில் இருப்பது இரண்டு மணி நேரம். அது கோச்சுடைய நேரம். மீதி இருபத்திரண்டு மணி நேரம் நம் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் ஓகோவென்று நீந்திவிட்டுப் பதினைந்தில் குளத்துப் பக்கமே வராமல் போகும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அவர்களில் பலர் தொலைந்து போவது அந்த இருபத்திரண்டு மணி நேரத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. தூக்கம் பத்தாமல், சாப்பாடு பத்தாமல், வீட்டுப் பேச்சைத் தாங்க முடியாமல். நாமோ நம் வேலையை விட்டுவிட்டு, கோச்சின் இரண்டு மணி நேரத்துக்குள் மொபைல் ஸ்டாப்வாட்ச்சோடு போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

அந்த ஸ்டாப்வாட்ச்சையே முதலில் எடுத்துக்கொள்வோம். கேலரியில் இருந்து பார்த்தால் பிள்ளை சுவரைத் தொடுவது சாய்கோணத்தில்தான் தெரியும். சத்தம் கேட்டு விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும், தொட்டதைப் பார்த்து அழுத்தும்போது இன்னும் கொஞ்சம். சாதாரணமாகவே 0.2, 0.3 விநாடி பிசகும். சுவரில் பொருத்திய எலக்ட்ரானிக் டச்பேடு, பிள்ளை தொட்டதும், விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறது. ஆக, "போன வாரத்தைவிட 0.3 கூடிடுச்சே" என்று வண்டியில் பிள்ளையிடம் கேட்கிறோமே, அது நம் கட்டைவிரலின் தவறாகவே இருக்கலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் குளத்தின் நீளம். சென்னையில் கிளப், பள்ளிக் குளங்கள் பெரும்பாலும் 25 மீட்டர். வேளச்சேரி குளம், 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டியது, 50 மீட்டர். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டர் குளத்தில் மூன்று டர்ன் (சுவரில் திரும்புவது), 50 மீட்டர் குளத்தில் ஒரே ஒரு டர்ன். சுவரை உதைத்துக் கிளம்பும்போது கிடைக்கும் வேகம், கை வீசி நீந்தும் வேகத்தைவிட அதிகம். அதனால் அதே பிள்ளை, அதே உடல்நிலையில், பெரிய குளத்தில் ஒன்றிரண்டு விநாடி கூடுதலாக எடுக்கும், சின்னப் பிள்ளை என்றால் இன்னும் கூடும். அது பின்னடைவே கிடையாது. அபார்ட்மென்ட் குளத்தில் எடுத்த டைமிங்கை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். அங்கே பேக்ஸ்ட்ரோக் கொடியும் இருக்காது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் அந்தக் கொடி கட்டியிருப்பதே, மல்லாந்து வரும் பிள்ளை கொடியிலிருந்து எத்தனை கையில் சுவர் வரும் என்று எண்ணிக்கொள்வதற்குத்தான். கொடி இல்லாத குளத்தில் பேக் பழகினால் மண்டை சுவரில் இடிக்கும்.

எழுதி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, குளத்தின் நீளம், டச்பேடு டைமிங்கா கை டைமிங்கா, ஸ்ப்ளிட் (ரேஸின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரம்), அன்றைக்குப் பிள்ளையின் உயரம். உயரம் ஏன் என்று கேட்பீர்கள். பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், பையன்கள் பதினான்கை ஒட்டியும் கிடுகிடுவென்று வளர்கிறார்கள். கை கால் நீண்டுவிடும், பழைய பிடி தண்ணீரில் சிக்காது. ஆறு மாதம், ஒரு வருடம்கூட டைமிங் அப்படியே நிற்கும். அந்தச் சமயத்தில்தான் வீட்டில் "இவனுக்கு இன்ட்ரஸ்ட் போயிடுச்சு" என்று ஆரம்பிக்கிறார்கள், கோச்சை மாற்றுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் ஒரு கோடு போட்டு வந்தால், டைமிங் நின்ற மாதமும் உயரம் எகிறிய மாதமும் ஒன்றாக இருப்பதைப் பல சமயம் பார்க்கலாம். சீக்கிரம் வளர்ந்த பிள்ளை பதினொரு வயதில் எல்லாரையும் ஜெயிக்கும், தாமதமாக வளரும் பிள்ளை ஹீட்ஸோடு, அதாவது முதல் சுற்றோடு, நிற்கும். இருவரில் யார் நீச்சல்காரர் என்பதை அப்போது யாராலும் சொல்ல முடியாது. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38ல் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனபோது அவருக்கு வயது 27. நடுவில் கழுத்துக் காயம் வேறு. பதினொரு வயது டைமிங்கை வைத்துக் கவலைப்படும் பெற்றோர் அந்த 27ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூக்கம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் நாலரைக்கு எழ வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குறைந்தபட்ச ஒன்பது மணி நேரம் கிடைக்க, இரவு ஏழரைக்குப் படுத்திருக்க வேண்டும். டியூஷன் முடிவதே எட்டரைக்கு. வாரத்தில் ஆறு நாள் இப்படிப் போனால் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது, ஏனென்றால் களைத்த தசை தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான். பதின்மூன்று வயது வரை காலைப் பயிற்சி வாரம் இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள் போதும், மற்ற நாள் மாலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கோச்சிடம் தைரியமாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அலாரம் வேண்டாம். பகலில் இருபது நிமிடம் தூங்கினாலும் லாபம்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நேரம்தான் முக்கியம். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீச்சையும் போதும். நீந்தி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு போக வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும் என்றால் டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் போய்விடும், பசி செத்துப் போய் இரண்டு இட்லியோடு ஸ்கூல் பஸ் ஏறிவிடும். டிபன் பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும்: நாலு இட்லி, கெட்டிச் சாம்பார், இரண்டு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாத வீடு என்றால் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், தெரியாது, அவ்வளவுதான். லேன் ஓரத்தில் பாட்டில் வையுங்கள். புரோட்டீன் பவுடர் சின்னப் பிள்ளைக்குத் தேவையே இல்லை. தேசிய அளவில் நீந்தும் பிள்ளை என்றால் சளி மருந்தைக்கூட மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை இருக்கின்றன, போட்டியில் நீந்தும் பிள்ளை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். "என்ன இப்படிக் கறுத்துட்டா? தோளு ஆம்பளப் புள்ள மாதிரி ஆகிடுச்சே, யாரு கட்டிப்பா?" என்று பத்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அங்கேயே பதில் சொல்ல வேண்டியது நாம்தான். நாம் சிரித்து மழுப்பினால் பிள்ளை அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேல், தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன், இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்னால். தலைமுடியைக் குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் நனைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தொப்பி போட்டால் முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும்.

வயதுக்கு வந்ததும் நீச்சலை நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நிறுத்தத் தேவையே இல்லை. டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப் பற்றி அம்மா முன்கூட்டியே பேசிவிட வேண்டும், போட்டி நாள் காலையில் இல்லை. அந்த நாட்களில் முடியவில்லை என்றால் லீவு போடலாம், அதைக் கோச்சிடம் சொல்வதில் கூச்சம் வேண்டாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அந்தப் பிள்ளை கடைசி 25 மீட்டரில் நின்றுபோவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருப்போம். முருங்கைக்கீரை, ராகி, கொள்ளு, அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட உடனே காபி, டீ கொடுத்தால் அந்த இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

தோள்பட்டை வலியை அலட்சியம் செய்யாதீர்கள். 50 மீட்டருக்கு 45 கை வீச்சு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் 4,000 மீட்டர் நீந்தும் பிள்ளை 3,600 தடவை கை வீசுகிறது, ஒரு தோளுக்கு 1,800. வாரம் ஆறு நாள் என்றால் 10,800. கை தண்ணீரில் நுழையும் இடம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் அந்தத் தப்பு பத்தாயிரம் தடவை நடக்கிறது. பயிற்சிக்குப் பிறகு கை முழுக்க அசதியாக இருப்பது சாதாரணம். தோளின் முன்பக்கம் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால், தலை வாரக் கையைத் தூக்கும்போது வலித்தால், அன்றே கோச்சிடம் சொல்லுங்கள். முதலில் ஹேண்ட் பேடிலை (பயிற்சியில் கையில் மாட்டும் தகடு) நிறுத்த வேண்டும். "சரி, கிக் மட்டும் அடி" என்று கிக் போர்டைக் கொடுப்பார்கள். கையை முன்னால் நீட்டிப் போர்டைப் பிடிப்பதே அந்தத் தோளை நெருக்கும். போர்டு இல்லாமல், கை இரண்டையும் உடம்போடு வைத்து மல்லாந்து கிக் அடிக்கலாம். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோவிடம் போக வேண்டும்.

சாமான் செலவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினப் பயிற்சிக்கு பாலியெஸ்டர் சூட் வாங்குங்கள், லைக்ரா குளோரினில் சீக்கிரம் இற்றுப்போகும். நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். காகிள்ஸின் உள்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், பனிப்படலத்தைத் தடுக்கும் பூச்சு போய்விடும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து ரேஸிங் சூட் வாங்குவது வீண். அந்தப் பணத்தில் பிசியோவிடம் நாலு முறை போகலாம்.

போட்டி நாள். யார் எப்போது, எந்த லேனில் நீந்துவது என்று காட்டும் ஹீட் ஷீட் வந்ததும் ஈவென்ட் எண், ஹீட், லேன் மூன்றையும் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எழுதிவிடுங்கள். எட்டு லேன் குளத்தில் அந்த ஹீட்டின் வேகமான பதிவுக்கு நாலாவது லேன், அடுத்ததற்கு ஐந்து, பிறகு மூன்று என்று போகும். டைமிங் இல்லாமல் பெயர் கொடுத்தால் முதல் ஹீட்டில், ஓர லேனில் போடுவார்கள், அதற்காக யாரோடும் சண்டை வேண்டாம். காகிள்ஸ் இரண்டு, தொப்பி இரண்டு, துண்டு மூன்று, செருப்பு, ஈர உடம்புக்கு மேல் போட ஒரு ஸ்வெட்டர். முதல் ரேஸுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு எண்ணெய் குறைவாக இட்லியோ இடியாப்பமோ. நடுவில் வாழைப்பழம், கடலை மிட்டாயில் ஒரு துண்டு, இளநீர். கேன்டீன் பரோட்டா எல்லாம் முடிந்த பிறகு.

டிஸ்குவாலிஃபை ஆவது எப்படி என்று நமக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை அநியாயமாகத் திட்ட மாட்டோம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை இரண்டிலும் ஒவ்வொரு டர்னிலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்று இல்லாமல், சுவரைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் அவசரத்தில் ஒரு கையை முன்னால் நீட்டிவிடுவார்கள். நடுவர் கை தூக்குவது பெரும்பாலும் அதற்குத்தான். நாலு ஸ்டைலையும் ஒரே ரேஸில் நீந்தும் ஐஎம்மில் பேக்கிலிருந்து பிரெஸ்ட்டுக்கு மாறும்போது மல்லாந்த நிலையிலேயே சுவரைத் தொட வேண்டும், ஒரு நொடி முன்னால் புரண்டால் போச்சு. ஸ்டார்ட்டில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. முறையீடு இருந்தால் அந்த ஈவென்ட் முடிந்த 30 நிமிடத்துக்குள் அணி மேலாளர் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெற்றோர் நேராகப் போய் நடுவரிடம் கத்தினால் ஒன்றும் நடக்காது. அந்தச் சத்தம் அடுத்த ரேஸுக்கு நிற்கும் நம் பிள்ளைக்குத்தான் கேட்கும்.

ரேஸ் முடிந்ததும் பிள்ளை முதலில் போக வேண்டியது கோச்சிடம், பிறகு 200, 300 மீட்டர் மெதுவாக நீந்த. அதுவரை கூப்பிடாதீர்கள். வந்ததும் "பசிக்குதா?" என்று கேளுங்கள். ரேஸைப் பற்றி அதுவாகப் பேசினால் பேசலாம்.

பாதுகாப்பு. பயிற்சி நேரத்தில் பெற்றோர் பார்க்கவே கூடாது என்று கதவை அடைக்கும் இடம் எதுவாக இருந்தாலும், எத்தனை மெடல் வாங்கிய கோச்சாக இருந்தாலும், பிள்ளையை அங்கே விடாதீர்கள். உடை மாற்றும் அறைக்குள் யாரும் மொபைல் கொண்டு போகக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் மேலாளர் இருக்கிறாரா என்று டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடிச் சத்தம் கேட்டால் உடனே வெளியே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீருக்குள். வயதுக் குழுவுக்காகப் பிறப்புச் சான்றிதழில் கை வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அன்றோடு தொடர்பை முறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்த பிறகு என்ன நீச்சல்?

கடைசியாகப் பத்தாம் வகுப்பு. ஜூன் மாதமே நீச்சலை மூட்டை கட்டிவிடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. பத்து மாதம் தண்ணீரே தொடாத பிள்ளை ஏப்ரலில் திரும்பி வந்தால், தண்ணீரைப் பிடிக்கும் உணர்வு கையில் இருக்காது. தன்னைவிடப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டதைப் பார்த்து இரண்டே வாரத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடும். முழுக்க நிறுத்தாதீர்கள். டிசம்பர் வரை வாரம் மூன்று நாள், தலா ஒரு மணி நேரம். ஜனவரியிலிருந்து தேர்வு முடியும் வரை வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம், ஸ்டாப்வாட்ச் இல்லாமல். அந்த நாற்பது நிமிடம் படிப்பையும் கெடுக்காது, இரவு நன்றாகத் தூக்கமும் வரும். சான்றிதழ்களை அப்போதைக்கப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன, அங்கே எந்தப் போட்டி, எந்த இடம், யார் கையெழுத்து என்று ஒவ்வொரு தாளையும் பார்ப்பார்கள். தேர்வு முடிந்ததும் பழைய வேகம் திரும்ப மூன்று மாதமாவது ஆகும் என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க வேண்டாம்.