பன்னிரண்டு நாளில் எட்டு நாடு வேண்டாம், தம்பி

என் தம்பிக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. அதற்காக அவனும் அவன் மனைவியும் ஐரோப்பா போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, பயண நிறுவனம் கொடுத்த வழவழப்பான தாளை என் கையில் வைத்து, "பன்னிரண்டு நாள்ல எட்டு நாடுக்கா" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தாளில் இருந்த பயணத்தை, கிட்டத்தட்ட அதே வரிசையில், நானும் இவரும் 2016-ல் போய்வந்திருக்கிறோம். இரண்டு வருடம் முன்னால் அதே ஐரோப்பாவுக்கு வேறு மாதிரியும் போய்வந்தோம். இரண்டையும் அனுபவித்தவள் என்பதால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி. எட்டு நாடு சரியாக வந்துவிட்டதா? தினமும் காலை ஐந்தரைக்கு எழுப்பி விடுவார்கள், ஆறரைக்குச் சாப்பாடு, ஏழு மணிக்குப் பெட்டி பேருந்துக்குள் இருக்க வேண்டும். கொலோன் தேவாலயத்துக்கு நாற்பது நிமிடம், அதில் பாதி கழிப்பறை வரிசையில் போனது. லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம், உள்ளே போகவில்லை. லீக்டன்ஸ்டைனில் இறங்கி, ஒரு தெருவில் நடந்து, ஒரு காந்தப் பொம்மை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டோம். அதுவும் ஒரு நாடு என்று கணக்கில் சேர்ந்தது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. பின்னால் ஆறு, பாலம், நானும் இவரும் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறோம். அது எந்த ஊர் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கூட்டிப்போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மேலாளர் பையன் பாவம், எங்களைவிடக் குறைவாகத் தூங்கினான். கோளாறு அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும், ஒரு நாளைக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஓட்டுநருக்கு நல்ல விதி, தேவையான விதி. ஆனால் பாரிசிலிருந்து ரோம் வரை சுற்றிச் சுற்றி ஓட வேண்டிய வண்டிக்கு அந்த மணிக்கணக்குதான் எஜமான். அவர் ஓய்வு எடுக்கும் இடம் பெட்ரோல் பங்காக இருந்தால் நீங்களும் பெட்ரோல் பங்கைத்தான் பார்ப்பீர்கள். இத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் அறை வேண்டும், பேருந்து நிறுத்த இடமும் வேண்டும் என்றால் அது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கிடைக்கும். சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்றால் நடக்க ஊரே இருக்காது. பன்னிரண்டு நாளும் நானும் இவரும் பேசிக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். "பாஸ்போர்ட் எங்க?" "பெட்டியைப் பூட்டியாச்சா?" "சீக்கிரம் வாங்க, எல்லாரும் ஏறிட்டாங்க."

சரி, இரண்டாவது பயணத்துக்கு வருகிறேன். அவர் மின்வாரியத்திலிருந்தும் நான் தமிழாசிரியை வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, செப்டம்பர் கடைசியில் கிளம்பினோம். மூன்றே ஊர். செக் நாட்டுப் பிராக்கில் ஆறு இரவு, ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஏழு, ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஐந்து. விமானச் சீட்டை இறங்குவது பிராக், திரும்ப ஏறுவது புடாபெஸ்ட் என்று எடுத்தோம், அதனால் வந்த வழியே திரும்பும் வேலை இல்லை. நடுவில் எல்லாம் ரயில். பிராக்கிலிருந்து வியன்னா நாலு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் மூன்று மணி நேரம்கூட இல்லை. நம் ஊரில் ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகிற நேரத்துக்குள் அடங்கிவிடும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு ஆஸ்திரியா.

பிராக்கில் முதல் நாள் காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, நம் ஊர்க் கணக்கில் அப்போது ஏழரை. தூக்கம் போனது போனதுதான் என்று சுவெட்டர் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குச் சார்லஸ் பாலத்துக்கு நடந்தோம். 1357-ல் அடிக்கல் நாட்டிய பாலம். இரண்டு பக்கமும் முப்பது சிலைகள், பல சிலைகளின் கல் கறுத்துப் போயிருக்கிறது. ஆற்றில் மூடுபனி, எதிரே குன்றில் கோட்டை, பாலத்தில் நாங்களும் நாயோடு வந்த ஒரு பாட்டியும். பதினோரு மணிக்கு அதே பாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நெபோமுக் என்ற பாதிரியாரை 1393-ல் அரசன் உத்தரவில் இங்கிருந்துதான் வல்தாவா ஆற்றில் தள்ளினார்கள். அவர் சிலைக்குக் கீழே இருக்கும் வெண்கலத் தகடு தொட்டுத் தொட்டுப் பளபளவென்று இருக்கிறது. கோயில் தூணில் இருக்கும் பிள்ளையாரைத் தடவித் தடவி வழவழப்பாக்குவோமே, அந்தப் பளபளப்பு. ஆறு நாளில் நாலு காலை அந்தப் பாலத்துக்குப் போனோம். ஒருநாள்கூட ஒரே மாதிரி இல்லை.

பழைய நகரத்தில் 1410-ல் செய்த வானியல் கடிகாரம் இருக்கிறது, மணி அடிக்கும்போது பொம்மைகள் வரும், எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கலாம். ஆனால் எனக்கு அந்த ஊர் என்றால் வேறு ஒன்றுதான்.

ஆற்றங்கரையில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. 1348-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. நம் கமில் சுவெலபில் அங்கே படித்தவர். பிராக்கில் பிறந்து, தமிழ் படித்து, சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோனவர். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த வாசலில் நின்றபோது கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. 1968-ல் சோவியத் படைகள் அந்த நாட்டுக்குள் நுழைந்த பிறகு அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே யான் பாலஃக் என்ற இருபது வயது மாணவனின் முகம் வார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆக்கிரமிப்புக்கு எதிராக 1969 ஜனவரியில் தன்னைத் தீ வைத்துக்கொண்டவன். ஒரே வருடத்து நிகழ்ச்சி ஒருவரைத் தேசம் விட்டுத் துரத்தியது, இன்னொருவனை எரித்தது. இதை எந்தப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்ப்பது?

அங்கிருந்து சில நிமிட நடையில் பிங்கஸ் யூத ஆலயம். உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட செக் யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேர், ஒவ்வொரு பெயரும் கையால் எழுதியது. மாடியில் தெரசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை அவர்களுக்கு அங்கே ரகசியமாக வரையக் கற்றுக்கொடுத்தார். அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார். அவர் திரும்பவில்லை, அந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் திரும்பவில்லை. வண்ணத்துப்பூச்சி, வீடு, பூ. என் வகுப்புப் பிள்ளைகள் வரைந்தது மாதிரியே இருந்தன. அன்றைக்கு மத்தியானம் எதுவும் பார்க்க வேண்டாம் என்று அறைக்கு வந்து படுத்துவிட்டோம். அப்படிப் படுக்க நேரம் இருந்தது என்பதைத்தான் தம்பிக்குச் சொல்கிறேன். அடுத்த நாட்டுக்கு வண்டி ஏற வேண்டியிருந்தால் அந்தப் பெயர்களை என்ன செய்திருப்பேன்?

வியன்னாவில் சமையலறையோடு ஒரு சின்ன வீடு எடுத்தோம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோயிருந்தோம், அரிசியும் தயிரும் அங்கே எங்கும் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, பெரிய ரயில் நிலையங்களில்தான் திறந்திருக்கும். பால் வாங்க ரயில் நிலையம் வரை போனோம்.

அங்கே கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகல் என்ற பழைய காலத்து ஓவியரின் படங்களுக்கென்று ஒரு பெரிய கூடம் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் அவர் ஓவியங்கள் இத்தனை ஒன்றாக இல்லை. நடுவில் உட்கார மெத்தை இருக்கை. 1565-ல் புரூகல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' முன்னால் நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு நரியைத் தூக்கிக்கொண்டு களைத்துப்போய்த் திரும்புகிற மனிதர்கள், தலை தொங்கிய நாய்கள், கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் சிறு சிறு உருவங்கள். இவரோ 'பாபேல் கோபுரம்' என்ற படத்தை விட்டு நகரவில்லை. அதில் ஆள் உள்ளே நடந்து சக்கரத்தைச் சுற்றிக் கல் தூக்குகிற ஒரு பாரந்தூக்கி இருக்கிறது, "இது வேலை செய்யுமுங்க, கணக்கு சரியா இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு கூடத்தில் இருந்தோம். மற்றக் கூடங்களுக்கு இன்னொரு நாள் வந்தோம்.

குழாய்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவர் கோபித்துக்கொள்வார். அந்த ஊர்க் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலைச் சுனைநீர். காலராவும் டைபாய்டும் வாட்டிய நகரத்துக்கு மலையிலிருந்தே தண்ணீர் கொண்டுவரலாம் என்று எடுவர்ட் சூயஸ் என்ற நிலவியல் பேராசிரியர் வாதாடி, 1873-ல் கொண்டுவந்துவிட்டார்கள். பம்பு வைத்து இறைக்காமல் மலைச்சரிவின் போக்கிலேயே இறங்கி வருகிறது. இவர் ஒவ்வொரு முறை டம்ளரைத் தூக்கும்போதும் அதைச் சொன்னார்.

காபிக் கடையில் காபியோடு அந்தத் தண்ணீரையும் ஒரு டம்ளரில் வெள்ளித் தட்டில் வைத்துத் தருவார்கள். மெலாஞ்ஜ் என்று கேளுங்கள், பாலும் நுரையுமாக நம் காபிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். நாம் கேட்கும்வரை பில் வராது. ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், அது அங்கே மரியாதையான வழக்கம். நாலாவது நாள் மழை. வெளியே போக முடியாமல் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தபோது, இவர் தானாகப் பேச ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு ஒயர்மேன் கம்பத்திலேயே இறந்துபோனதையும், அந்த வீட்டுக்குச் சேதி சொல்லப் போனது இவர்தான் என்பதையும், அந்தம்மா அப்போது மாவாட்டிக்கொண்டிருந்ததையும் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து நாலு வருடம். ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு போன் வரும், ஒரு பால்காரர் வருவார், பேச்சு அறுந்துபோகும். அங்கே அறுக்க யாரும் இல்லை. மழை விட்ட பிறகும் உட்கார்ந்திருந்தோம்.

புடாபெஸ்டில் ஐந்து நாளும் 2-ஆம் எண் டிராமில் ஏறிக்கொண்டே இருந்தோம். டான்யூப் கரையோரமாகவே, பாராளுமன்றத்தை ஒட்டிப் போகிறது. வழியில் இறங்கினால் கரையில் இரும்பில் வார்த்த அறுபது ஜோடிச் செருப்புகள். 1944, 45-ல் அம்புச் சிலுவை என்ற ஹங்கேரிய நாஜி ஆதரவுக் கட்சிக்காரர்கள் யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். செருப்புக்கு விலை இருந்தது. 2005-ல் வைத்த நினைவுச்சின்னம். ஒரு குழந்தைச் செருப்புக்குள் யாரோ ஒரு மிட்டாய் வைத்திருந்தார்கள்.

1896-ல் திறந்த பழைய சுரங்க ரயிலில் ஏறிச் செச்செனி வெந்நீர்க் குளத்துக்கும் போனோம். 1913-ல் கட்டியது, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிறகு உடம்பை மூடிய நீச்சல் உடை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வெளியே குளிர், தண்ணீரில் ஆவி, நடுவில் தாத்தாக்கள் கழுத்தளவு நீரில் நின்று சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு வருடமாகப் படுத்தின முட்டி வலி அன்றைக்கு ராத்திரி இல்லை.

செலவு அதிகம் ஆகுமே என்பாய் தம்பி. எங்களுக்கு ஆகவில்லை. பதினெட்டு நாள் செலவு, இப்போது அவர்கள் உன்னிடம் கேட்கிற தொகைக்குப் பக்கத்தில்தான் வந்தது. ஒரே வீட்டில் ஒரு வாரம் தங்கினால் வாடகை குறையும், வாரச் சீட்டு எடுத்தால் டிராமும் மெட்ரோவும் அதிலேயே அடங்கும், காலையும் இரவும் நம் சாப்பாடு. மொழி தெரியாதே என்பாய். எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட ஆங்கிலம்தான், அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஈபிள் கோபுரம் பார்க்க வேண்டும் என்றால் பாரிசில் ஏழு நாள் இரு, யார் வேண்டாம் என்றார்கள். உன் மனைவிக்கும் முட்டி வலி, அந்தக் கல் பாவிய தெருக்களில் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவர் பின்னால் அவளை ஓட விடாதே.

முன்பணம் மட்டும்தான் கட்டியிருக்கிறாய், மீதி இருபதாம் தேதிக்குள் என்று சொன்னாய். புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் வருகிறோம். மாமா ரயில் நேரமெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எடுத்து வைத்துவிட்டார்.