பேட்மேன் கொலையே செய்ததில்லையா?

"பேட்மேன் முதல் கதையிலிருந்தே யாரையும் கொன்றதில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை" என்றொரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு.

1939-இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் வந்த முதல் கதையிலேயே, அவர் விட்ட குத்தில் வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். பேட்மேனுக்குத் துளியும் வருத்தமில்லை. 1940-இல் வெளியான 'பேட்மேன்' முதல் இதழிலோ, விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். அதன் பிறகுதான் இதழாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் கொலைக்கும் துப்பாக்கிக்கும் தடை போட்டார். என்னைக் கேட்டால், கதைக்கு அது பெரிய லாபம். கொல்லக் கூடாத நாயகன் ஒவ்வொரு முறையும் மூளையைக் கசக்கியாக வேண்டும்; வில்லன் ஜோக்கரும் திரும்பத் திரும்ப வரலாம்!

பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் மறுபதிப்புகளில் இரண்டு இதழ்களும் உள்ளன, புரட்டிப் பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.