"வெறும் வயித்தோட வந்துடுங்க", அவ்வளவுதானா?

எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் என்னிடம் சொன்னது மொத்தம் மூன்றே வார்த்தை. "வெறும் வயித்தோட வந்துடுங்க." சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். தொண்டை வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல் வரை பார்க்கப் போகிறார்கள். அதற்கு மூன்று வார்த்தை!

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். முந்தைய நாள் இரவு 8 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. காலை 8 மணிக்கே போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டது 11.30-க்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் சாவகாசமாகக் கேட்கிறார்: "தண்ணிகூடவா குடிக்கல? ரெண்டு மணி நேரம் முன்ன வரைக்கும் குடிச்சிருக்கலாமே!"

அடப்பாவிகளா. திட உணவுக்குத்தான் 6 முதல் 8 மணி நேர இடைவெளி. வெறும் தண்ணீரைப் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை விடுவார்கள். பால் கலந்துவிட்டால் அது உணவுக் கணக்கில் போய்விடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அப்புறம் பிரஷர் பார்த்தார்கள். 170-ஐத் தாண்டி நின்றது. "காலைல பிரஷர் மாத்திரை போடலையா?" போடவில்லை. வெறும் வயிறு என்றார்களே! ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம். திட்டு எனக்கு.

அடுத்து டாக்டர். "கேஸ் மாத்திரைய எப்போ நிறுத்துனீங்க?" நேற்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால்கூட ஒழுங்காகப் போட்டேன் என்றேன், ஏதோ பெருமை போல. அவர் முகம் சுருங்கியது. அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை உள்ளே இருந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தும் பரிசோதனையில் சிக்காமல் போகலாம்; 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கமாம். ஆக, போட வேண்டியதை நிறுத்தினேன், நிறுத்த வேண்டியதைப் போட்டேன். இந்தக் கிருமிதான் அல்சருக்குக் காரணம் என்று நிரூபிக்க பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் அதைத் தானே குடித்தார். முன்னும் பின்னும் எண்டோஸ்கோப்பியும் செய்துகொண்டார். 2005-ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. அந்த மனுஷன் கிருமியையே குடித்தார். இவர்களால் வாயைத் திறந்து கூடுதலாக ஒரு வரி சொல்ல முடியவில்லை.

நானாவது பரவாயில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்திருந்தார். 10 மணிக்கு மேல் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை; கையிலிருந்த ஃபைல் படபடவென்று ஆடியது. ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். சுகர் மருந்தும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையும் நாமாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் போட்டுக்கொண்டு போகவும் கூடாது. அதை முதலில் கேட்க வேண்டியது யார்? நாள் குறித்தவர்தானே?

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் எண்டோஸ்கோப்பி என்னவோ ஒன்றுமே இல்லை. மயக்க ஊசி கிடைக்கவில்லை, ஏனென்றால் கூட ஆள் வரவில்லை. ஊசி போட்டால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். இதுவும் படுக்கையில் ஏறிய பிறகு தெரிந்த சேதிதான். தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்பிரே அடித்தார்கள். ஒரு நிமிடத்தில் தொண்டை வீங்கி அடைத்த மாதிரி ஆகி, எச்சில் விழுங்க முடியாமல் பதறிவிட்டேன். வீக்கமெல்லாம் இல்லை, மரத்துப்போவது அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் பதறியிருப்பேனா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்துக்கொண்டேன். குழாய் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அது போவது உணவுக்குழாயில், மூச்சுக்குழாய்க்குத் தொந்தரவில்லை. இரண்டு ஓங்கரிப்பு, கன்னத்தில் வழிந்த எச்சில், உள்ளே காற்று அடித்ததால் பெரிய பெரிய ஏப்பம். சதைத் துணுக்கு எடுத்தது தெரியவே இல்லை. 7 நிமிடத்தில் முடிந்தது. இதற்கா நான் மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன்!

வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். சிஸ்டர் கத்தினார்: "மரமரப்பு போகாம குடிச்சா புரையேறிடும்!" சரி, இதையாவது சொன்னார்களே.

10 நாள் கழித்து ரிப்போர்ட். கிருமி தென்படவில்லையாம். ஆனால் கேஸ் மாத்திரை எடுத்ததால் உறுதியாகச் சொல்ல முடியாதாம். 2 வாரம் நிறுத்திவிட்டு மூச்சை ஊதிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று எடுக்க வேண்டுமாம். நாள் குறிக்கப் போனேன். அதே கவுன்டர், அதே ஆள். இந்த டெஸ்டுக்கு 4 வாரம் முன்பிருந்தே ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கக் கூடாது என்று இப்போது நானே படித்துவைத்திருக்கிறேன். இருந்தாலும் வாயைக் கிளறிப் பார்க்கலாமே என்று கேட்டேன்: "சார், வேற ஏதாவது பாத்துக்கணுமா?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெறும் வயித்தோட வந்துடுங்க."