நெரிசலும் பாதுகாப்பு உணர்வும்: ஹஜ் ஆய்வு சொல்வது என்ன?

மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் கூடும் கூட்டம் பற்றிய உரையாடல்களில், ஒரே மனதோடு கூடும் பக்தர்களுக்கு நெரிசலால் ஆபத்து வராது என்பதை ஹஜ் பற்றிய ஆய்வொன்று நிரூபித்திருப்பதாகப் பலர் பகிர்ந்து வருகிறார்கள். பகிர்ந்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு அவ்வாறு கூறவில்லை.

சமூக உளவியலாளர் ஜோன் ட்ரூரியும் ஹனி அல்நபுல்சியும் மக்காவின் பெரிய பள்ளிவாசலில் 1,194 யாத்திரிகர்களிடம் கேட்டறிந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை அது. கூட்டத்தோடு தம்மை ஒன்றாகக் கருதியவர்கள், நெரிசல் கூடக்கூட, தாம் மேலும் பாதுகாப்பாக இருப்பதாக உணர்ந்தார்கள் என்பதே அதன் முடிவு. வியப்பான முடிவுதான். எனினும் அங்கு அளக்கப்பட்டது அவர்களுடைய உணர்வு. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவர் நம்மவர் என்பதால் குறைவதில்லை. 2015 செப்டெம்பரில் ஹஜ்ஜின்போது மக்காவுக்கு அருகிலுள்ள மினாவில் நெரிசலில் சிக்கி உயிரிழந்த நூற்றுக்கணக்கானோரும் ஒரே நோக்கத்தோடு சென்ற யாத்திரிகர்களே.

ஐயமுள்ளவர்கள் இவ்விருவரின் பெயர்களையும் ஹஜ் என்பதையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரையின் சுருக்கம் கிடைக்கும். யாத்திரிகர்கள் என்ன தெரிவித்தார்கள் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.