கடிவாளம் கட்சியின் கையில்தான்

சீனப் பெரும் பணக்காரர்கள் அங்கே ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியையே விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று, சீனா பற்றிய ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2001-இல் அப்போதைய கட்சித் தலைவர் ஜியாங் ஜெமின் தனியார் தொழிலதிபர்களுக்குக் கட்சியின் கதவைத் திறந்துவிட்டார், சரி. ஆனால் கடிவாளத்தை அவர்கள் கையில் கொடுக்கவில்லையே!

இணைய வணிக நிறுவனமான அலிபாபாவை நிறுவிய ஜாக் மாவும் கட்சி உறுப்பினர்தான். 2020 அக்டோபரில் ஷாங்காய் மேடையில், சீன வங்கிகளுக்கு இன்னும் அடகு இல்லாமல் கடன் தராத அடகுக்கடை புத்திதான் என்று பேசினார். அப்புறம் என்ன நடந்தது? அவருடைய நிதிச் சேவை நிறுவனமான ஆன்ட் குழுமம் 3,400 கோடி டாலருக்கு மேல் திரட்டவிருந்த பங்கு வெளியீடு, சந்தைக்கு வர இரண்டே நாள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அலிபாபாவுக்கு 1,820 கோடி யுவான் அபராதம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கீழ்மட்டம். நகர நிலம் அங்கே அரசுக்குச் சொந்தம். அதன் பயன்பாட்டு உரிமையை விற்றுத்தான் உள்ளூர் அரசுகள் கஜானாவை நிரப்பின. அதனால் அதிகாரிக்குக் கட்டுமான முதலாளி வேண்டும், முதலாளிக்கு அதிகாரியின் தயவு வேண்டும். இருவரும் சேர்ந்து வளர்த்த கடன் குமிழி 2021-இல் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தின் விஷயத்தில் வெடித்தபோது, வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பாதியில் நின்ற கட்டடத்தைப் பார்த்துத் தவித்தவர்கள் சாதாரணக் குடும்பத்தினர். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.