நினைவகம் அழிந்தால் போர்டு போய்விட்டதா?
வண்டியை அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் சேமித்த வானொலி நிலையங்களும் அழிந்தால், ஸ்டீரியோவின் போர்டு (உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி உடனே முடிவுகட்ட இயலாது என்பதைப் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன். சாவி போட்டு இயக்கும் பல வண்டிகளில், சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரத்தோடு, நினைவகத்தைக் காப்பதற்கென்றே பேட்டரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் தனி இணைப்பும் ஸ்டீரியோவுக்கு உண்டு. பின்னது அறுபட்டால் சில ஸ்டீரியோக்களில் பாட்டு வழக்கம்போல் கேட்கும். நினைவகம் மட்டும் அழியும்.

வண்டிக் கையேட்டில் ரேடியோவுக்கு உரியவையாகக் காட்டப்பட்ட ஃபியூஸ்களை (ஒன்றல்ல, எல்லாவற்றையும்) கழற்றி, உள்ளிருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அவை நன்றாக இருந்தால், சாவியை எடுத்த நிலையில் ஸ்டீரியோவின் பின்புற இணைப்பில் எப்போதும் மின்சாரம் வரவேண்டிய அந்த முனையை மல்டிமீட்டரால் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். ஏறத்தாழ 12 வோல்ட் காட்டியும் நினைவகம் அழிந்தால்தான் போர்டைச் சந்தேகிக்கலாம்.