விழிப்புணர்வு இல்லாம இல்ல, நம்பிக்கைதான் இல்ல

பயிர் காப்பீடு பத்தி பேச்சு வந்தாலே "விவசாயிங்ககிட்ட விழிப்புணர்வு இல்ல"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்லங்க. அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு சொல்ற வருவாய்த்துறை பதிவு) வாங்கி, இ-சேவை மையத்துல கால் கடுக்க நின்னு, கடைசி தேதிக்குள்ள பிரீமியம் கட்டுற மனுஷனுக்கு என்ன விழிப்புணர்வு குறைச்சல்? காசு திரும்பி வருமான்னு சந்தேகம்தான் இருக்கு, அந்த சந்தேகம் நியாயமானது.

2016ல பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டம் வந்தப்போ பிரீமியத்துல விவசாயி பங்கு நிஜமாவே குறைச்சலாதான் வெச்சாங்க, காப்பீட்டுத் தொகையில காரீஃபுக்கு (தென்மேற்குப் பருவமழைக்கால சாகுபடி) 2 சதவீதம், ராபிக்கு (குளிர்கால சாகுபடி) 1.5, தோட்டக்கலை, பணப்பயிர்களுக்கு 5. அதுல குறை சொல்ல மாட்டேன். சிக்கலே இழப்பை அளக்கிற இடத்துலதான். பெரும்பாலும் உங்க வயலைத் தனியா யாரும் அளக்கிறதில்ல, ஊருக்கு நாலு வயலை எடுத்து 5க்கு 5 மீட்டர் அறுத்துப் பாத்து, அந்தச் சராசரி, திட்டத்துல முன்னாடியே வெச்சிருக்கிற உத்தரவாத மகசூலுக்குக் கீழ போனாத்தான் எல்லாருக்கும் இழப்பீடு. மேட்டு வயல்ல நல்லா விளைஞ்சிடுச்சுன்னா பள்ளத்துல முழுகுனவர் கதி என்ன? தனி வயலைப் பாக்கிற வழி ஒன்னு இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், ஆனா அதுல நெல்லு தண்ணில முழுகுறதை 2018ல எடுத்துட்டாங்க. நெல்லு தண்ணில நிக்கிற பயிர்தானேன்னு! 2026 காரீஃப்ல இருந்து திரும்ப சேக்கறோம்னு 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க. நடுவுல எத்தனை வெள்ளம் போச்சு, அதுல நட்டப்பட்டவங்களுக்கு யார் பதில் சொல்றது.

இதைவிட எனக்கு பயமா இருக்கிற விஷயம் அந்த உத்தரவாத மகசூல் கணக்கு. கடைசி 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்தோட சராசரியை எடுத்து, அதுல 70, 80, 90 சதவீதம்னு வெப்பாங்க. அதாவது 7ல ரெண்டு வருஷம் கெட்டுப்போனா கணக்குல வராது, சரி. மூணாவது வருஷமும் கெட்டா? அந்த மோசமான மகசூல் சராசரிக்குள்ள வந்துடும், உத்தரவாதமே இறங்கிடும், அப்புறம் அதே அளவு நட்டம் வந்தாலும் இழப்பீடு கம்மியாத்தான் வரும். வானிலை மாற மாற கெட்ட வருஷம் அடிக்கடி வரும்னு எல்லாரும்தானே சொல்றோம், அப்ப காப்பீடு ரொம்ப தேவைப்படுற நேரத்துலதான் அது சுருங்குது.

விவசாயி ஒன்னும் சும்மா உக்காந்திருக்கல. நாத்து விடாம நேரடி விதைப்புக்கு மாறியிருக்காங்க, பண்ணைக் குட்டை வெட்டுறாங்க, தண்ணிக்குள்ள ரெண்டு வாரம் வரைக்கும் தாங்குற சிஆர் 1009 சப் 1 ரகம் போடறாங்க. ஆனா எந்த ரகமும் எல்லாத்துக்கும் தாங்காது, 2023 பிப்ரவரி ஆரம்பத்துல டெல்டாவுல பெஞ்ச மழை மாதிரி அறுக்கப்போற நேரத்துல கதிர் சாஞ்சு முளைச்சிடுச்சுன்னா அந்த குணம் உதவாது. இவ்ளோ செலவு பண்ணி தன்னை மாத்திக்கிட்டவருக்கும் அதே பிரீமியம், ஒன்னுமே செய்யாதவருக்கும் அதே பிரீமியம்.

நான் கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல. எந்த வயல்ல, என்னிக்கு அந்த 5க்கு 5 மீட்டர் அறுவடைப் பரிசோதனை நடந்துச்சு, எத்தனை கிலோ வந்துச்சு, இந்த வருஷ உத்தரவாதம் எவ்ளோன்னு பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டுங்க. இழப்பீடு வரலன்னா ஏன் வரலன்னு தெரிஞ்சுக்க கட்டுனவருக்கு உரிமை இருக்கு, தப்பா அளந்திருந்தா அறுவடை முடியறதுக்குள்ளயே கேள்வி கேக்கவும் முடியும்.